சத்தமில்லாமல் வென்ற சங்கு

இந்த வெற்றி விழாவுக்குத் தலைமையேற்று, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் கால்பந்துக் கழகத் தலைவர் அவர்களே, ஆடி ஓய்ந்தும் ஆட்டத்தை மறவாத மூத்த வீரர்களே, சேறு படிந்த காலுறைகளைத் துவைத்துத் துவைத்தே இந்தக் கழகத்தைக் காப்பாற்றிய தாய்மார்களே, கூரை அதிரக் குரல் கொடுக்கும் இளைஞர்களே, தலைமைப் பயிற்சியாளனாகிய நான் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என் உதவிப் பயிற்சியாளரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சங்கு என்றால்தான் உங்களுக்குத் தெரியும். ஏன் சங்கு? நடுக்களத்தில் நின்று அவர் கொடுத்த குரல் ஆலைச் சங்கு போல நான்கு மூலைக்கும் கேட்கும். "பின்னாடி ஆள் வர்றான்." "திரும்பு, நேரமிருக்கு." பந்தை அவர் காலால் கொடுத்தாரா, குரலால் கொடுத்தாரா? கோல் போட்டவர்களின் படம் சுவரில் ஏறியது. போட வைத்தவர் முட்டி தேய்ந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, என் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

அந்தத் தொண்டையில்தான், அன்பர்களே, கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. காதருகே வந்தால் மட்டும் கேட்கும் வெறும் காற்றுதான் வந்தது. மருத்துவமனைக்குப் போனேன். அவர் மனைவி, அதோ முதல் வரிசையில் இருக்கிற என் தங்கச்சி, "வீட்டுல இப்பதாண்ணே நான் பேசறது எனக்கே கேக்குது" என்று சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுதுவிட்டார்.

"கத்த முடியாத ஆள் எதுக்குங்க கோச்சு?" என்று கேட்டார் செயலாளர். முகத்தைச் சுளிக்காதீர்கள் செயலாளரே, நான் கேட்கக் கூச்சப்பட்டதை நீங்கள் கேட்டீர்கள். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் சங்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்று முடிவானது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பயிற்சியில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்றார். பேசினால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். நானே ஓடியிருக்கிறேன். சிரியுங்கள், சிரியுங்கள், என் தொப்பை குறைந்ததே அப்போதுதான். "பேசாம எப்படி சார் ஆடறது?" என்று கோல்கீப்பர் கேட்டான். சங்கு அவன் காதருகே குனிந்தார். "கேக்காதே. பாரு." பந்து வருமுன் இந்தத் தோள் பக்கம் ஒரு பார்வை, அந்தத் தோள் பக்கம் ஒரு பார்வை. மழையிலும் வெயிலிலும் அதே பாடம்தான்.

கடைசி ஆட்டம் வந்தது. தோற்றால் மட்டுமல்ல, சமன் ஆனாலும் நாம் கீழே. எதிரணியின் மைதானம், எதிரணியின் கூட்டம். அந்த இரைச்சலில் அவர்கள் கோச் கத்தினார், கேட்கவில்லை. நான் கத்தினேன், எனக்கே கேட்கவில்லை. அவர்கள் பிள்ளைகள் குரலைத் தேடித் தடுமாறினார்கள். நம் பிள்ளைகளோ கழுத்தைத் திருப்பினார்கள்.

முடியப் போகிற நேரம், ஆட்டம் இன்னும் சமனில். நம் நடுக்களப் பையனுக்குப் பந்து வருகிறது. முதுகுப் பக்கம் எதிரணிக்காரன் ஒருவன் பாய்ந்து வருகிறான். யார் எச்சரிப்பது? எந்தக் குரல் எட்டும்? எட்ட வேண்டியதில்லை. அவன் முன்பே பார்த்துவிட்டான். பந்தைத் தொடவே இல்லை, கால்களுக்கு நடுவே போகவிட்டான். பின்னால் நின்ற நம் முன்கள வீரன் கோல் அடித்தான்.

நான் துள்ளினேன், புரண்டேன், அழுதேன். சங்கு அசையவில்லை. அவரைக் கட்டிப்பிடித்தபோது என் காதில் சொன்னார்: "திரும்பிப் பாத்துட்டாண்ணே." கோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருடம் நான் பந்தைப் பார்த்திருக்கிறேன், இவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்.

ஆகவே நேற்று தலைவரிடம் ஒன்று கேட்டேன், அவரும் சம்மதித்தார். நாளை முதல் சங்குதான் நம் தலைமைப் பயிற்சியாளர். பொறுங்கள், கைதட்டலை அடக்குங்கள், இன்னும் இருக்கிறது. அவருக்கு உதவிப் பயிற்சியாளர் யார்? நான்தான். அவர் சொல்வதை உரக்கச் சொல்ல ஒரு தொண்டை வேண்டாமா? அது என்னிடம் இருக்கிறது.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. எங்கள் இருவர் சார்பிலும் வணக்கம்.