காலரிலிருந்து தொடங்கும் வேதம்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே, பக்கம் புரட்டிப் படித்துத் தேர்ந்த பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் அமர்த்திப் பொறுமை காக்கும் தாய்மார்களே, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் வித்தியாசம் தெரியாத இந்தப் பாமரனின் பணிவான வணக்கம்!

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் சாய்ந்த ஆண்டு. பதினோரு நாள் விடாது பெய்த மழையில் எங்கள் சலவை நிலையத்தில் ஒரு சட்டைகூடக் காயாத ஆண்டு. என் மூத்த மகள் விழுந்த பல்லை விழுங்கிவிட்டு அழுத ஆண்டு. அந்த ஆண்டில்தான் நான் வேதத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். பக்தியாலா? இல்லை. பரவசத்தாலா? அதுவும் இல்லை. பொறாமையால்!

எங்களோடு வேலை பார்த்த மடிப்புக்காரருக்கு எழுத்துத் தெரியும். துணி மூட்டையில் வேதப் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, மடித்தபடியே உரக்கப் படிப்பார். அங்கேயே பொத்தான் தைக்கும் அவர் மனைவி, ஊசியை நிறுத்திவிட்டுக் கணவரையே பார்ப்பார். எனக்குப் பொறுக்குமா? என் வீட்டில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லையே!

அவர் படிக்கப் படிக்க நான் இஸ்திரிப் பெட்டியால் சட்டை தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பதிந்தது. காலருக்கு ஓர் அடி, கைக்கு மூன்று அடி, முதுகுக்கு ஐந்து அடி. மூன்றே ஆண்டில் நாற்பது சட்டை அளவு வேதம் என் வசம்! விட்டேனா? பேருந்தில் சொன்னேன், முடிவெட்டும் கடையில் சொன்னேன், பந்தியில் சொன்னேன். சாப்பாடு ஆறியது, சொந்தங்கள் ஓடின.

"நாலு சாமான் வாங்கச் சொன்னா மூணை மறந்துட்டு வர்றீங்க. இது மட்டும் எப்படிங்க நிக்குது?" என்றாள் என் மனைவி. பதில் சொன்னேனா? காலரிலிருந்து தொடங்கினேன்!

யாரது, சுருக்கச் சொல்வது? தம்பி, நடுவில் தொடங்க எனக்குத் தெரியாது. அந்தக் குறைதான் ஒருநாள் என் மானத்தை வாங்கியது, கேளுங்கள்.

முப்பது ஆண்டு கழிந்தது. மடிப்புக்காரருக்கு முதலில் பார்வை போனது. பிறகு நெஞ்சு தளர்ந்தது. மருத்துவமனைக்கு ஓடினேன். கட்டிலருகே அவர் மனைவி.

"டேய், யாரும் தனியாப் போறதில்லைன்னு ஒரு அடி வருமே, அதைச் சொல்லுடா. காது இருக்கும்போதே கேட்டுக்கிறேன்" என்றார் கட்டிலில் கிடந்த மடிப்புக்காரர்.

எட்டாவது சட்டை, இடது கை. இடம் தெரிகிறது, வார்த்தை வரவில்லை! வேறு வழி? அவர் போர்வையை நீவி, வெறுங்கையை இஸ்திரிப் பெட்டியாக்கி, முதல் சட்டையின் காலரைத் தேய்த்தேன்.

"காலர்லேருந்தா? அது வரைக்கும் நான் இருக்கணுமேடா!" சிரித்தார், சிரிப்பு இருமலானது.

விரைந்தேன். விரைந்ததில் மூன்றாவது சட்டையில் தடுமாறினேன். மறுபடியும் காலர்!

"மெதுவாண்ணே, சட்டை கருகிடப் போகுது" என்றார் அவர் மனைவி, எங்கள் பொத்தான்காரம்மா.

ஆறாவது சட்டையின் முதுகில் இருந்தபோது, போர்வைக்குள் ஏறி இறங்கிய மூச்சு நின்றது. என் கையும் நின்றது. நாற்பது சட்டையை நெஞ்சில் வைத்திருந்தும், நண்பன் கேட்ட ஒற்றை அடியைக் கொடுக்க வக்கில்லாத நானா வேதம் கற்றவன்?

அந்த அம்மா கணவரின் கையை விடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு கிளம்பிட்டாரு. நான் இருக்கேன்ல? தேய்ங்கண்ணே."

தேய்த்தேன். ஏழாவது சட்டை. எட்டாவது. இடது கை. வந்தது அந்த அடி! முப்பது ஆண்டு என் வாய் சொன்னதை அன்றுதான் என் காது கேட்டது. அவையோரே, மனப்பாடம் எதற்கு? மாலைக்கா? மேடைக்கா? மெச்சுவோர் கைதட்டலுக்கா? புத்தகம் திறக்க முடியாத பொழுதில், பக்கத்தில் இருப்பவர் கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்கு! கேட்டவர் போய்விட்டாலும், அவர் கையைப் பிடித்திருப்பவருக்குக் கொடுப்பதற்கு!

இத்தனை நேரம் பொறுத்த உங்களுக்கு நன்றி. படித்துக் காட்டிய மடிப்புக்காரர் போய்விட்டார். என் மனைவி போய்விட்டாள். சலவை நிலையத்து முதலாளியும் போய்விட்டார். அன்று என்னோடு இருந்தவர்களில் இன்றும் உயிரோடு இருப்பவர் ஒருவரே. உங்கள் அனைவரையும் வணங்கி, அவரையும் வணங்கி அமர்கிறேன்: பொத்தான்காரம்மா.