வெறும் போத்தல்

ஞாயிறு பிற்பகல், சிட்னியில் பரமட்டா போகும் ரயில். ஞானஸ்நான விருந்து முடிந்து வந்த தம்பதி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கணவரின் மடியில் ஒரு பை. ரயில் குலுங்கும்போதெல்லாம் அது கிணுகிணுத்தது.

“ஞானஸ்நான வீட்டில வெறும் போத்தல் கேட்டு வாங்கின ஆள் உலகத்திலயே நீங்கள்தான்,” என்றார் மனைவி.

“ஷாம்பெயின் போத்தல் நல்ல தடிப்பு. நான் வீட்டில போடுற புளிச்ச பியர், மூடி அடிச்ச பிறகும் உள்ளுக்க நுரைச்சுக்கொண்டிருக்கும். மெல்லிசுக் கண்ணாடி தாங்காது.”

“எங்கட கராஜில வெடிச்சது?”

“அது கோர்டியல் சர்பத் வந்த மெல்லிசுப் போத்தல். அது என்ர பிழைதான்.”

“நீங்கள் போத்தல் பொறுக்கினதை ஞானஸ்நானம் குடுத்த பாதரும் பாத்தவர்.”

அவர் பையை இறுக்கிப் பிடித்தார். “என்னவாம்?”

“இந்த முறை தனக்குத் தாறதெண்டால் தடிச்ச போத்தலில தரட்டாம். போன முறை நீங்கள் குடுத்தது அவற்ற குசினியில வெடிச்சதாம்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“குடுத்ததே எனக்குத் தெரியாது,” என்றார் மனைவி. “சரி, எங்கட கராஜை நான் கழுவினனான். அங்க ஆர் கழுவினது?”

ஒரு ஸ்டேஷன் கடந்தது.

“நான்தான்.”