பதினொரு பேர் அதிகம்

சாயாவில் எனக்குச் சர்க்கரை போடலாம், சார். சர்க்கரை வியாதி என் மனைவி ஜெயலக்ஷ்மிக்குத்தான்.

மட்டாஞ்சேரியில் அந்த மருந்துச் சோதனை நடந்தபோது புள்ளிவிவரம் பார்த்தவன் நான். சர்க்கரைக்குப் புது மாத்திரை. நானூறு பேரைக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டர்களுக்கே தெரியாது. பட்டியல் என்னிடம் மட்டும் இருந்தது.

குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாரோ, மாத்திரையைப் பாதியில் விட்டாலும் கடைசிவரை அந்தப் பக்கத்திலேயே அவரை எண்ண வேண்டும். அதுதான் விதி. விழுங்காதவர் செத்தால் பழி மாத்திரைக்கா? நியாயமில்லை என்று வாதாடி, நிறுத்தியவர்களைக் கணக்கிலிருந்து நீக்க அனுமதி வாங்கினேன்.

நல்ல மாத்திரை, சார். ஐந்தாம் மாதம்தான் மருந்துப் பக்கத்தில் சிலருக்குக் கால் வீங்கியது. இதயம் தளர்கிறது என்று புரிந்தது. ஒவ்வொருவராகப் போனில் அழைத்தேன்.

அவர்களில் ஒருத்தி ஓமனா, கொச்சங்காடியில் எங்கள் தெருவைப் பெருக்குகிறவள்.

"சாமீ, காலு ரெண்டும் பலாச்சக்கை கணக்கா வீங்கியிருக்கு. ஆசுபத்திரிக்குப் போகட்டா?"

போனால் சோதனைப் பதிவேட்டில் ஏறிவிடும்.

"வேண்டாம் ஓமனா. மாத்திரையை நிறுத்தினாப் போறும், வடிஞ்சுடும்."

"சாமி சொன்னாச் சரி. உங்க கணக்கு எப்பத் தப்பியிருக்கு!" என்று சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் இறந்தாள். நிறுத்திய பிறகு.

அப்படிப் பதினொரு பேர். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். சோதனை நின்றிருக்கும், மாத்திரை கடைக்கு வந்திருக்காது. பொய்யாக ஓர் எண்கூட நான் எழுதவில்லை.

ஒரே ஒரு தொந்தரவு. படகில் ஏறினால் ஆட்களை எண்ணுவது என் பழக்கம். டிக்கெட் கிழித்தவர் சொல்வதைவிட எனக்கு எப்போதும் பதினொன்று கூடுகிறது. கடைசி பெஞ்சில் ஒருத்தி, மடியில் துடைப்பம், கால்களை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பதில்லை.

போன மாதம் ஜெயலக்ஷ்மிக்கு அவள் டாக்டர் அதே மாத்திரையை எழுதினார். நான் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை அவள் பாதத்தை அழுத்திக் காட்டினாள். விரல் பட்ட பள்ளம் மேலே எழவே இல்லை.

"ஏன்னா, டாக்டரைப் பாத்துட்டு வரலாமா?"

"எதுக்கு? மாத்திரையை நிறுத்திடு."

இன்று காலை படகில் எண்ணினேன். பன்னிரண்டு கூடியது.

இந்த வாக்குமூலத் தாளில், செத்தவர்களோடு ஜெயலக்ஷ்மி பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களை வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளை மட்டும் அடித்துவிடுங்கள், சார். நிறுத்தி நாலு நாள் ஆகியிருந்தது.