பங்கருக்குள் கிடந்த ஆவுளியா

எங்கள் புத்தூர்க் கிணற்றுத் தண்ணீரில் நல்ல தேநீர் வராது. சீனியை எவ்வளவு அள்ளிப் போட்டாலும் நாக்கில் ஒரு சுண்ணாம்பு நிற்கும். கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கட்டி பிடிக்கும். குறை தண்ணீரில் இல்லை, கல்லில். குடாநாடு முழுவதும் ஒரு காலத்தில் கடலடி. சங்கும் சிப்பியும் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்களும் செத்துப் படிந்த கல்லைத்தான் வெட்டிக் கிணறாக்கி, அதன் தண்ணீரைக் குடிக்கிறோம். கம்பசில் புவியியல் படிப்பிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இத்தனை காலம் விலங்கியல் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா?

மெல்லக் கதைப்போம். அந்த மூலையில், யன்னலுக்குக் கீழே படுத்திருப்பவன் ஏரம்பு. பக்கத்தில் அவனுடைய பெண்சாதி பத்மாவதி. ஊரில் எனக்கு அடுத்த வளவு. போன மாதம் சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே பெயர்ந்து வந்தபோது, நடக்க ஏலாத என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி, உருட்டியபடியே இந்தக் கொடிகாமத்துப் பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான். தங்கமான மனிதன்.

தொண்ணூறில் சண்டை திரும்பவும் தொடங்கியபோது, இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியைப் பிரித்து குண்டுக்குப் பதுங்க ஒரே பங்கராக வெட்டினோம். வெட்டியது ஏரம்பு. நான் கடகத்தில் மண் சுமந்தேன். ‘ட’ எழுத்துப் போல வளைத்து வெட்டுவதுதான் வழக்கம். வாசலில் நிற்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது, குண்டுச் சிதறலும் வராது. மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டையும் போட்டாயிற்று. ஆழம்தான் போதவில்லை, கல் தட்டிவிட்டது.

"நாளைக்குக் கல்லை அலவாங்காலை இன்னுமொரு முழம் உடைச்சு இறக்கினால், பிள்ளையள் நிமிர்ந்து இருக்கலாம், மாஸ்டர்," என்றான் ஏரம்பு.

அன்று பின்னேரம் தரையைக் கூட்ட இறங்கிய நான்தான் கண்டேன். கல்லோடு கல்லாக, வரிசையாக வளைந்த விலா எலும்புகள். தடித்துக் கனத்தவை. ஆவுளியா. எப்போதாவது வலையில் படுமே, கடலடியில் புல் மேய்கிற பிராணி, அதன் மூதாதை. மனிதன் என்று ஒருவன் தோன்றுவதற்குக் கோடி வருடம் முன்னால் இங்கே மேய்ந்து இங்கேயே செத்திருக்கிறது. நான் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன் என்றால் சிரிக்காதீர்கள்.

என் வகுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பூமியில் ஐந்து பேரழிவுகள் நடந்ததைப் படிப்பிப்பேன். ஒன்றில் கடலுயிர் இனங்கள் பத்தில் ஒன்பது போயின. இன்னொன்றில் டைனோசர்களே போயின. பலமும் உதவவில்லை, பயமும் உதவவில்லை. எரிமலைக்கும் விண்கல்லுக்கும் யார்மீதும் கோபம் இருந்ததில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் இருந்த வாங்குகள் காலியாகும். ஒருவன் இயக்கத்துக்குப் போவான், ஒருத்தி கனடாவுக்குப் போவாள், ஒருவன் செல்லடியில் போவான். எவரையும் மறித்து வைக்க என்னால் ஏலவில்லை. கையாலாகாதவனுக்கு ஒரு பொருள் கிடைத்தால் அதை எப்படிப் பிடித்துக்கொள்வான் என்று உங்களுக்கு விளங்கும்.

ஏரம்புவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் ஊர் கூடும், ஆளுக்கொரு துண்டு உடைத்துப் பார்க்கும். பாம்பென்றால் படையும் நடுங்கும். பள்ளிக்கூட ஆய்வுகூட அலுமாரியில் பழுதில்லாத நல்லபாம்புச் சட்டை ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து பங்கர் வாசலில் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

பிற இடங்களில் நாலு பேர் பொல்லோடு இறங்கியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் நல்லபாம்பை அடிக்கமாட்டார்கள், அது நாகதம்பிரான். பத்மாவதி அன்றைக்கே தலைமுழுகி, வாசலில் பால் வைத்துக் கும்பிட்டாள். பால்மாவுக்குப் பிள்ளைகள் ஏங்கிய காலம் அது. இருந்த ஒரு பசுவின் பாலில் ஒரு சிரட்டை தினமும் பாம்புக்குப் போயிற்று. அதை நான்தான் குடித்தேன். மிஞ்சிக் கிடந்தால் அவளுக்குச் சந்தேகம் வருமல்லவா? வெறும் சிரட்டையைக் கண்டு அவள் சந்தோஷப்படுவாள்.

வேறு பங்கர் வெட்டுவோம் என்று ஏரம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தான். புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கும் காலம் வந்தது, பனங்குற்றிக்கும் தட்டுப்பாடு. தள்ளிப்போயிற்று. பொம்மர் விமானம் வரும்போதெல்லாம் பிள்ளைகளை வாழைக்குள் குப்புறப் படுக்கவைப்பார்கள். ஒவ்வொரு முறையும் தப்பினார்கள். ஆகவே எனக்குப் பெரிய உறுத்தல் இருக்கவில்லை.

மத்தியானத்தில் பத்மாவதி கண்ணயரும் நேரம் பார்த்து இறங்கி, பழைய பற்தூரிகையால் எலும்புகளைத் துப்புரவு செய்வேன். பொம்மர் திரும்ப வந்த ஒரு மத்தியானமும் உள்ளேதான் இருந்தேன். முதல் குண்டு சந்திப் பக்கம் விழுந்தது. கூரையிலிருந்து மண் கொட்டியது. நான் எலும்புகளின் மேல் குப்புறப் படுத்தேன். அப்போது வாசலில் காலடி கேட்டது.

"அம்மா, இறங்குவம் அம்மா." மூத்தவள் சிவரூபியின் குரல். என்னிடம் வந்து மிருகப் படங்கள் பார்க்கிற பிள்ளை. இளையவன் தயாளன் விக்கி விக்கி அழுதான்.

"பொறு பிள்ளை," என்றாள் பத்மாவதி. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாகதம்பிரானே, என்னை விடு. என்ரை பிள்ளையள் ரண்டையும் மட்டும் இறங்க விடு ராசா. நீ கொஞ்சம் ஒதுங்கிக் கிட," என்றாள்.

இறங்குங்கோ என்ற ஒரு சொல் போதும். அது என் தொண்டை வரை வந்தது, உண்மையாகவே வந்தது. ஆனால் அவர்கள் இறங்கினால் என்னைக் காண்பார்கள். பொய் வெளிக்கும். மறுநாள் ஏரம்பு அலவாங்கோடு வருவான். நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கையில், பக்கத்தில் கிடந்த காய்ந்த ஓலையை என் கை அசைத்துவிட்டது. மெல்லத்தான் அசைத்தது.

"ஐயோ, சீறுது! ஓடுங்கோ பிள்ளையள்!"

வாழைக்குள் ஓடினார்கள். இரண்டாவது குண்டு அங்கே விழுந்தது. அந்தக் குண்டை நான் போடவில்லை. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பத்மாவதி ஒரு காது செவிடாகித் தப்பினாள். பிள்ளைகள் தப்பவில்லை. சுடலைப் பக்கம் போக ஏலாமல் ஹெலி சுற்றிக்கொண்டிருந்தது. ஏரம்பு இரண்டு பேரையும் வெள்ளைச் சீலையில் சுற்றிக்கொண்டு பங்கர் வாசலில் வந்து நின்றான். "உயிரோடை இறங்க விடாத தம்பிரான் இனியெண்டாலும் இடம் விடட்டும், மாஸ்டர்," என்றான். நான் தடுக்கவில்லை, எப்படித் தடுப்பது? முந்தி இறங்கி, எலும்புகளின் மேல் யூரியாச் சாக்குகளை விரித்து, மெதுமண் தூவிப் பரவினேன். பிள்ளைகளுக்கு மெத்தை போடுகிறேன் என்று நினைத்து அவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு குழியை மூடினோம்.

சில மாதம் கழித்துப் பத்மாவதி என்னிடம் வந்தாள். "முதல் நாள் துடக்குத் தீட்டோடை பால் வைச்சிட்டன், மாஸ்டர். அதுதான் அது சீறினது. நான்தான் என்ரை பிள்ளையளைக் கொண்டனான்," என்றாள். "இருக்கும், பிள்ளை," என்றேன். அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. இருந்த காரணத்தைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை அவள் பால் குடிப்பதில்லை.

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? பேரழிவின் நடுவில் எவர் எவரைக் காப்பாற்ற முடியும்? என்னால் முடிந்த ஒன்றை நான் காப்பாற்றினேன்.

என் நெஞ்சு இனி ஊர் திரும்ப விடாது. நீங்கள் இளம் ஆள், ஒருநாள் போவீர்கள். என் வளவின் கிழக்கு வேலியில், பெரிய கிளுவை மரத்துக்குப் பக்கத்தில் தோண்டுங்கள். தோண்டும்போது மேலே முதலில் வருபவை சின்ன எலும்புகள், இரண்டு பேருடையவை. அவசரத்தில் அவற்றைக் கீழே உள்ளதோடு கலந்துவிடாதீர்கள். பின்னால் வருகிறவர்கள் ஆவுளியாவின் குட்டிகள் என்று பிழையாக எழுதிவிடுவார்கள்.