மூச்சு விடுவதற்கு ஒரு சர்டிபிகேட்

பட்டினச்சேரி போகும் மினிபஸ்ஸின் கடைசி இருக்கையில், காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள், கல்லூரியிலிருந்து திரும்பும் மகளிடம் கேட்டார்:

“மூச்சு விடறதுக்கு ஒரு சர்டிபிகேட்டாடி?”

“யோகா டீச்சர் ட்ரெயினிங்மா. காலேஜ் முடிக்கும்போதே வேல கெடைக்கும். பிரான்சுக்குக்கூடக் கூப்புடுவாங்களாம்.”

“அது கெடக்கட்டும். வல இழுத்து இழுத்து ஒங்கப்பாவுக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டு நிமிர முடியல. அவருக்கு ஏதாச்சும் சொல்லிக்குடேன்.”

“ஐயோ, இடுப்பு வலிக்காரங்கள சேக்கவே கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டாங்கம்மா.”

“அப்ப யாருக்குத்தான் சொல்லிக்குடுப்ப?”

“வலி இல்லாதவங்களுக்கு.”

அம்மாள் கூடையைக் கீழே இறக்கி வைத்தார். பஸ்ஸில் நின்றிருந்த பெண்களை ஒருமுறை பார்த்தார்.

“நம்ம ஊர்ல அப்புடி யாருடி இருக்கா?”

“அதுக்குத்தாம்மா பிரான்சுன்னு சொன்னேன்.”