நகரை ஆராய்ந்த அம்பிகைபாகன்

சங்கத் தலைவர் பரமசிவம் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் மூவரே! கதவருகிலேயே நின்றுகொண்டிருக்கும் பெரியோர்களே! வணக்கம்.

முதலில் ஒரு விளக்கம். 'நகரை ஆராய்ந்த அறிஞர் அம்பிகைபாகன் மறைவு' என்று பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தவன் நான். அதைப் படித்துவிட்டு, நகரத்தை அளந்து வீடு ஒதுக்கும் அதிகாரி யாரோ காலமானார் என்று மாலையோடு வந்தவர்கள் இருக்கிறீர்கள். வாசலில் ஒருவர், "அவரு இடத்துக்கு யாரு வர்றாங்க? நம்ம மனு அவருகிட்டதான் கெடக்கு" என்று கண்கலங்கக் கேட்டார்.

பெரியோர்களே, நகரை என்பது மீன்! மோவாயில் இரண்டு மீசை முளைத்த, சாண் நீள மீன். அம்பிகைபாகன், நான் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. போக விரும்புகிறவர்கள் போகலாம். மாலைகளை மட்டும் வைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி. இனி, இருக்கிற நால்வரிடம் பேசுகிறேன்.

அறிஞர் அம்பிகைபாகன் என்ன செய்தார்? ஞாயிறுதோறும் சிக்லாப் கடற்கரையில் மீனவர் படகில் ஏறினார். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைப் பூசிக் கடலில் இறக்கினார். அதில் ஒட்டிவந்த மண்ணைப் போத்தலில் போட்டு, அங்கே எந்த நகரை அகப்பட்டது என்று எழுதி ஒட்டினார். பதினைந்து ஆண்டுகள்! நாரிஸ் ரோட்டு அறையில் கட்டில் போக மீதி இடமெல்லாம் போத்தல்கள்!

கண்டது என்ன? உடலில் மஞ்சள் வரி ஓடும் நகரை சேற்றில் மேய்கிறது. தவிட்டுப் புள்ளி போட்டது மணலில். வாலருகே கரும்பொட்டு வைத்தது உடைந்த பவளக்கல்லில். ஒரே குடும்பம், ஒரே மீசை, ஒரே பசி! ஆனாலும் ஒன்றின் தரைக்கு மற்றொன்று போவதில்லை.

தேக்கா சந்தையில் மீன் விற்கும் அப்துல் முத்தலிப், இதோ முன்வரிசையில் இருக்கிறார், இதைக் கேட்டதும் சொன்னார்: "மலாய்க்காரன் மூணையும் பீஜி நங்கா, பலாக்கொட்டைன்னுதான் சொல்றான் லா, கிராணியாரே. குழம்புல போட்டா எந்தத் தரைன்னு அதுக்கே மறந்துடும்."

"அது மறக்கட்டும். நான் மறக்கேலாது" என்றார் அம்பிகைபாகன்.

மறுநாளிலிருந்து முத்தலிப் மூன்றையும் மூன்று கூடையில் வைத்தார். விலை மட்டும் ஒன்றுதான்.

"இதுங்க சண்டை போட்டுக்காதா?" என்று ஒருமுறை கேட்டேன். "சந்திக்கிறேல்லை. அதான் சண்டையில்லை" என்றார். எவ்வளவு பெரிய சமாதானம்! இந்தச் சாலையிலுள்ள நம்மவர் சங்கங்கள் ஏழும் அந்த முறையில்தான் ஒற்றுமை காக்கின்றன.

அவரும் நானும் அடுத்தடுத்த மேசை. பதினைந்து ஆண்டுகளில் ஒரு வாய்ச்சண்டை உண்டா? இல்லை! சனிக்கிழமை மேசையைப் பூட்டும்போது, "நாளைக்கு வாறீரோ?" என்பார். "அடுத்த ஞாயிறு" என்பேன். அவர் எந்தக் கடையில் சாப்பிட்டார்? தெரியாது. ஊரில் யார் இருந்தார்கள்? கேட்டதில்லை. நான்கு நாள் அவர் மேசை காலியாக இருந்தது. லீவு என்று நினைத்தேன். கூடைகளைப் பார்க்க ஆள் வரவில்லையே என்று தேடிப்போய் அறைக் கதவை உடைத்தவர் முத்தலிப். நான் அல்ல!

அவருடைய நோட்டின் கடைசி வரிகளைப் படிக்கிறேன்: 'ஒரே இடத்தில் மஞ்சள் வரியும் கரும்பொட்டும். சேறும் கல்லும் கலந்த தரை. தற்செயலோ? திரும்பப் போய்ப் பார்க்க வேணும்.'

மறைந்தவர் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் சூளுரைப்பது வழக்கம். நான் நீந்தத் தெரியாதவன். படகைக் கண்டாலே குமட்டும். அறையை இன்று மாலைக்குள் காலி செய்ய வேண்டுமென்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். போத்தல்கள் என் வீட்டுக்கு வருகின்றன. என் மனைவிக்கு இன்னும் தெரியாது. விடிந்தால் ஞாயிறு. ஈயக்குண்டோடு சிக்லாப்பில் நிற்பேன். அந்த இரண்டு நகரையும் அங்கே இன்னும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முத்தலிப் அவர்களே, நாளைக்கு வாறீரோ?