உடைக்காத உருண்டை

— இதை ஏன் உடைக்காம வெச்சிருக்க? சேத்துருண்டையக் கழுவிக் கரைக்கணும், சல்லடையில தங்குற புழுவ எண்ணணும். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொன்னேனே.

— கோவிச்சுக்காதீங்க அண்ணி. அழகா இருந்துச்சு. குளிர்ந்த கடல்தண்ணியில போட்டு வெச்சேன்.

— அழகாம்! ரசனையில அப்படியே உங்க அண்ணன். நாளைக்கு அறிக்கை போகணும். அடிக்கடல்ல உயிர் எதுவும் இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் கம்பெனிக்காரங்க உலோகம் தோண்டுற மெஷினை இறக்குவாங்க.

— ஒரே ஒரு தடவை லென்ஸ்ல பாருங்க. அப்புறம் நானே உடைச்சிடறேன்.

— தள்ளு.

— என்ன அண்ணி தெரியுது?

— இது சேறு இல்லடி. கட்டினது. மணலைப் பொறுக்கிப் பொறுக்கி ஒட்டி, சுவரா எழுப்பியிருக்கு.

— யாரு? உள்ள புழுவா?

— வாய் இல்ல, வயிறு இல்ல. கிளை கிளையாப் போகுது, எங்கயும் தடுப்பு இல்ல. இது மொத்தமும் ஒரே செல்லு.

— செல்லுன்னா கண்ணுக்கே தெரியாதே! இது கோழிமுட்டை அளவு இருக்கு.

— இப்படி ஒண்ணு இருக்குன்னு எங்கயோ ஒரு வரி படிச்சேன். நான் புழு ஆராயுற ஆளு, பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிட்டேன். அஞ்சு கிலோமீட்டர் ஆழம். துளி வெளிச்சம் கிடையாது. மேலேர்ந்து உதிர்றதைத் தின்னுட்டு ஒத்தையா வீடு கட்டியிருக்கு.

— ஒத்தையாவா? அந்த மடிப்புல பாருங்க, பொடிப்பொடியாச் சுருள் ஓடு.

— அட, ஆமா. அதுவும் ஒத்தச் செல்லுதான். இது வேற வகை, குடுவை மாதிரி. இது... இதுக்கு எனக்குப் பேரே தெரியல. ஒரு ஊரே குடியிருக்குடி இங்க.

— தொட்டதுமே ஓரம் பொடிஞ்சுது அண்ணி. அப்ப குழாய்த்தண்ணியில கழுவினதெல்லாம்?

— தடமே இல்லாமக் கரைஞ்சிருக்கும்.

— அப்ப நாளைக்கு?

— அறிக்கை போகாது. வேலை போனா போகட்டும்.

— போன வருஷத்து இடத்துலயும் வாளி வாளியா இதே உருண்டைதானே வந்துச்சு? எல்லாத்தையும் நான்தானே கழுவினேன். அதுக்கு என்ன எழுதினீங்க?

— அங்கயும் எதுவும் இல்லைன்னு.

— தப்பா எழுதிட்டோம்னு சொல்லிடுங்க அண்ணி.

— அங்க தோண்டி முடிச்சு ஆறு மாசமாச்சு. நான் எழுதினது இப்ப உண்மை.